மெஷினுக்கு அடியில் ஒரு டின்

எங்கள் முதலாளி நாகராஜ் சார் அந்த நான்கு புஷ்களையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வருகிறவர்களுக்கு பிஸ்கட் வைத்து நீட்டும் தட்டு அது. காலைக் கூட்டம் நடக்கிற போர்டுக்கு முன்னால் நாங்கள் பதினோரு பேரும் நின்றிருந்தோம். காலை எட்டரை மணி இருக்கும். மெஷின்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மெஷினைக் குளிர்விக்கிற கூலன்ட் எண்ணெய் தேங்கி, புளித்த மோர் மாதிரி நாறிக்கொண்டிருந்தது.

புஷ் என்பது கட்டைவிரல் பருமனுள்ள இரும்புக் குழாய்த் துண்டு. நடுவில் துளை இருக்கும். அந்தத் துளைக்குள் பம்பின் தண்டு போய்ச் சுழல வேண்டும். இந்த நான்கிலும் தண்டு நுழையவில்லை. அதனால் எங்களுக்கு ஆர்டர் தருகிற பம்பு கம்பெனியில் ஒரு லைனையே அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, இவற்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

சார் தட்டை பிலோமினாவிடம் நீட்டினார். எங்கள் கம்பெனியில் கேஜ் போட்டுப் பார்ப்பவர் அவர்தான். புஷ்ஷின் துளையில் கேஜின் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் பெட்டிக்குள் போடுவார். பம்பு கம்பெனிக்காரர்கள் துளையின் அளவை ஒரு மயிரிழை பெரிதாக்கச் சொல்லியிருந்த சமயம் அது. எல்லாவற்றுக்கும் கேஜ் போட வேண்டும் என்று சார் உத்தரவு போட்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் போட்டியாம்மா?"

"இல்ல சார். பத்துக்கு ஒண்ணு போட்டேன்."

"யாக்கம்மா?" ஏன் என்று கன்னடத்தில் கேட்டார்.

பிலோமினா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முனிசாமி அண்ணன் மெஷின்ல வந்தது சார். அவரு பீஸு தப்பா வராது. அதான் வுட்டுட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். "முனி, நீ ஹேளப்பா, நீயே சொல்லு. உன் மெஷின்ல இருந்து இது எப்படி வந்துச்சு?"

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. வீட்டு விசேஷத்தில்கூடப் பந்தி பரிமாறுகிற வேலையை வாங்கிக்கொண்டு பேச்சிலிருந்து தப்பித்துவிடுவேன். அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"செட்டிங் பீஸா இருக்கும் சார்."

ஐம்பது வயதை நெருங்கும்போது, ஒரு கூட்டத்தில் நான் முதன்முதலாகச் சொன்ன வாக்கியம் அது. அது பொய்.

சிவப்பு ட்ரே

இந்தப் பத்திரிகைத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட நாளிலேயே இந்தச் சம்பவத்தையும் ஒருநாள் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். குடியாத்தத்திலிருந்து வந்த கதை, ஜோகுபாளையத்தில் வாடகைக்கு வீடு தேடிய கதை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனி தள்ள வேறு கதை இல்லை.

மெஷினில் கத்தியை மாற்றினால் முதலில் வருகிற மூன்று நான்கு பீஸ்கள் அளவு சரியாக வராது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித்தான் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி வீணாகிறவைதான் செட்டிங் பீஸ். அவற்றைச் சிவப்பு ட்ரேயில் போடுவோம். அந்தச் சிவப்பு ட்ரே பிலோமினாவின் மேஜைக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது.

நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லி முடித்ததும் அத்தனை பேரின் கண்ணும் அந்த ட்ரேக்குத்தான் போனது. பிலோமினாவும் அதைப் பார்த்தார். தன் கையே தவறாக எடுத்துப் போட்டிருக்குமோ என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைச் செய்தவன் நான்.

பம்பு கம்பெனிக்கு 'என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று பதில் எழுத வேண்டியிருந்தது. அன்றைக்கே பிலோமினாவை மேஜையிலிருந்து எடுத்து, பின்பக்கம் புஷ்களை மண்ணெண்ணெயில் கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார்கள்.

அவர் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, மகாதேவபுரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பார். அப்பா சுரங்கத்தில் இருந்தவர், சுரங்கம் மூடிய பிறகு குடும்பத்தை இழுத்து வந்தது பிலோமினாவின் சம்பளம்தான். மாலை ரயிலில் பக்கத்தில் உட்கார்கிற பெண்கள், மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறார்கள் என்று அவர் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. நான் மெஷினின் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஒல்லியாக வேண்டும்

இதற்கெல்லாம் முன்பு, எங்கள் கம்பெனிக்கு லீன் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

லீன் என்றால் ஒல்லி என்று அர்த்தமாம். வேண்டாத சாமான், வேண்டாத நடை, வேண்டாத காத்திருப்பு எல்லாவற்றையும் குறைத்து வேலை செய்கிற முறை. பம்பு கம்பெனிக்காரர்கள் 'இதைச் செய்தால்தான் ஆர்டர் தொடரும்' என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்க ஷைலஜா மேடத்தை வியாழக்கிழமைதோறும் அனுப்பினார்கள். மேடம் மைசூர்ப் பக்கம். சினிமா பார்த்துக் கற்ற தமிழில் எங்களோடு பேசுவார்.

"ஓனரு தொந்தியக் குறைக்கட்டும் முதல்ல, நாம அப்பறம் ஒல்லியாவோம்" என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டார்கள். இதற்கு முன்பும் இரண்டு தடவை யாரோ வந்து சுவரில் படம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். படம் எண்ணெய் பிடித்துக் கறுத்ததுதான் மிச்சம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

மேடம் முதல் நாளே எங்கள் கையில் சிவப்புச் சீட்டுகளைக் கொடுத்தார். ஆறு மாதமாகத் தொடாத எந்தச் சாமானிலும் சீட்டைக் கட்டி, வாசல் பக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டத்துக்குள் வைக்க வேண்டும். சீட்டில் மூன்று கேள்விகள் இருந்தன. இது என்ன? யாருடையது? ஏன் இங்கே இருக்கிறது?

ஒருவரும் அசையவில்லை. முதலாளியின் சாமானில் யார் சீட்டுக் கட்டுவது?

கம்பெனிக்குள், நடக்கிற வழியிலேயே, ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. நாகராஜ் சார் கம்பெனி தொடங்கியபோது ஓட்டியது. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. பல வருடங்களாக இரும்புக் கம்பியைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் அதை வளைந்து சுற்றித்தான் போவார்கள். நான்கூட ஒருமுறை முழங்காலில் இடித்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுங்கள் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அன்று சார் அந்த ஸ்கூட்டர் பக்கம் போனார். பிறகு ஒரு சீட்டை வாங்கி எழுதி, ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் தன் கையாலேயே கட்டினார். இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. மறுநாளிலிருந்து ஆளாளுக்குச் சீட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது வேறு பட்டறைக்காரர்கள் எங்கள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். சின்னக் கம்பெனிக்கு இதெல்லாம் எப்படி ஒத்துவந்தது என்று கேட்கிறார்கள். ஆர்டர் கொடுக்கிறவர்களின் கெடுபிடி, மேடம் வாராவாரம் விடாமல் வந்தது என்று சார் காரணம் சொல்வார். ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல மாட்டார். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். என்னை யாரும் கேட்பதில்லை, அதுவும் நல்லதுதான்.

ஸ்டெப்னி

எல்லோரும் எல்லாவற்றையும் வெளியே வைத்தார்கள், ஒன்றைத் தவிர.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் நன்றாக ஓடுகிற நாளில் கணக்குக்கு மேல் பத்து இருபது பீஸ் வந்துவிடும். அதைக் காட்ட மாட்டோம். காட்டினால் நாளையிலிருந்து அதுவே கணக்காகிவிடும். எடுத்து ஒளித்து வைப்போம். மெஷின் படுத்துக்கொள்கிற நாளில் அதிலிருந்து எடுத்துப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவோம். வண்டிக்கு மாற்று டயர் மாதிரி என்பதால் அதற்கு ஸ்டெப்னி என்று பெயர். என் மனைவி கலாவிடம் ஒருநாள் வாய் தவறி, எனக்கு ஒரு ஸ்டெப்னி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "உங்க மூஞ்சிக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

என் ஸ்டெப்னி ஒரு பழைய எண்ணெய் டின். மெஷினுக்கு அடியில், சுவரோரம், மேலே பனியன் வேஸ்ட் துணியைப் போட்டு மூடி வைத்திருப்பேன். இருபது வருடத்தில் டின்கள் மாறியிருக்கின்றன, இடம் மாறியதில்லை. அந்த டின் இருக்கிற தைரியத்தில்தான் நான் நல்ல தொழிலாளி என்று பெயரெடுத்திருந்தேன். என் எண்ணிக்கை ஒருநாளும் குறையாது. பிலோமினா கேஜ் போடாமல் விட்ட நம்பிக்கைக்குப் பின்னால் அந்த டின்னும் இருந்தது.

தரைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கிறவர்கள் என் மெஷின் பக்கம் வந்த நாளில் நான் பயந்துபோனேன். கண்டுபிடித்தால் சிவப்புச் சீட்டு. சாப்பாட்டு நேரத்தில், யாரும் பார்க்காதபோது, டின்னை வேறொரு வாளியில் கவிழ்த்து, வாளியைக் கழிவறைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். பெயின்ட் காய்ந்ததும் திரும்ப வாளியிலிருந்து டின்னுக்குக் கொட்டினேன்.

அடியில் பழைய அளவு பீஸ்கள் இருந்தன. மேலே புது அளவு பீஸ்கள் இருந்தன. இரண்டு முறை கவிழ்த்ததில் எல்லாம் கலந்துபோயின. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம்

போர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வெள்ளை போர்டு மாட்டினார்கள். மணிக்கு எத்தனை வர வேண்டும், எத்தனை வந்தது, குறைந்தால் ஏன் குறைந்தது என்று மணிக்கு மணி எழுத வேண்டும். எண் எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. கடைசிக் கட்டம்தான் சிரமம். மற்றவர்கள் அதில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதினார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும்தான், அதுவும் கோழி கிளறியது போல இருக்கும்.

எந்த பாஷையிலாவது எழுதுங்கள், எழுத வராவிட்டால் படம் போடுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். "யாரு பண்ணாங்கன்னு கேக்க மாட்டோம். ஏன் ஆச்சுன்னு மட்டும்தான் கேப்போம்" என்றும் சொல்லியிருந்தார். நான் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை.

ஒருநாள் மத்தியானம் கத்தியின் முனை உடைந்தது. புது முனை ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர் சாவி சார் இடுப்பில் இருக்கிறது. சார் வைட்ஃபீல்ட் பக்கம் யாரையோ பார்க்கப் போயிருந்தார், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் மெஷின் சும்மா நின்றது.

போர்டில் 'சாவி' என்று இரண்டே எழுத்து எழுதியிருந்தால் போதும். நான் மார்க்கரைக் கையில் எடுத்தேன். என் எழுத்தை எல்லோரும் பார்ப்பார்களே என்று ஒரு பக்கம் வெட்கம். முதலாளியிடம்தான் சாவி இருந்தது என்று முதலாளி போர்டிலேயே எழுதுவதா என்று இன்னொரு பக்கம் பயம். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, குனிந்து, டின்னிலிருந்து இருபத்தைந்து பீஸ்களை எடுத்து ட்ரேயில் போட்டேன். மேலே இருப்பது புது அளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கேஜ் போட்டுப் பார்த்திருக்கலாம். கேஜ் பிலோமினாவின் மேஜையில் இருந்தது. போய்க் கேட்டால் எதற்கு என்று கேட்பாரே.

அந்த நான்கு அப்படித்தான் போயின.

உண்டியல்

என் பொய்யை வைத்து எங்கள் கம்பெனியில் ஒரு பெரிய சீர்திருத்தமே நடந்தது.

பிரச்சினை வந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பது மேடத்தின் பாடம். கேட்டார்கள். ஏன் தப்பு பீஸ் போனது? செட்டிங் பீஸ் கலந்தது. ஏன் கலந்தது? ட்ரே திறந்து கிடந்தது. ஏன் திறந்து கிடந்தது? இப்படியே போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சிவப்பு பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று செய்தார்கள். மேலே ஒரு துளை, பக்கத்தில் ஒரு பூட்டு. போட்டால் திரும்ப எடுக்க முடியாது. கோயில் உண்டியல் மாதிரி இருந்ததால் எல்லோரும் அதை உண்டியல் என்றே சொன்னார்கள். "அண்ணா, கற்பூரம் கொளுத்தவா?" என்று என்னிடம் வந்து கேலி செய்தார்கள்.

பழைய ட்ரேயின் போட்டோவையும் புது உண்டியலின் போட்டோவையும் பக்கத்துப் பக்கத்தில் போர்டில் ஒட்டினார்கள். நான் தினமும் அதைக் கடந்துதான் மெஷினுக்குப் போக வேண்டும். கீழே என் டின் அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை பம்பு கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். ஆர்டர் இருக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தவர்களுக்கு உண்டியல் மிகவும் பிடித்துப்போனது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்கள். சார் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"இவருதான் சார். நம்ம முனி. செட்டிங் பீஸ்தான்னு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாரு."

வந்தவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைதட்டினார்கள். பின்பக்கத்திலிருந்து பிலோமினாவும் வந்து நின்றிருந்தார். கை ஈரமாக இருந்ததால் புறங்கையைப் புறங்கையில் தட்டினார். சத்தமே வரவில்லை.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் கூச்சம் அதிகம் என்று சார் அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

அன்று சாப்பாட்டுப் பையில் ஒரு சிவப்புச் சீட்டை வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் மத்தியானம் தரையில் உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் எதையும் எழுதி எத்தனையோ வருடமாகியிருந்தது. முதலில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். தப்பு வந்தது, அடித்தேன். மறுபடி எழுதினேன். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"இன்னா, பரீட்சையா எழுதறீங்க?" என்று கலா கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், காற்றில் தாள் பறக்காதபடி ஒரு டம்ளரை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நேரில் போய்ச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். என்னால் முடியாது. வாய் திறந்தால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்து அங்கேயே நிற்கும், மாற்றிச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை சீக்கிரமே போனேன். டின்னை இழுத்து வெளியே எடுத்து, சீட்டைக் கட்டி, போர்டுக்கு முன்னால் வைத்தேன். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சார் வந்தார். டின்னைப் பார்த்தார், குனிந்து சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. சாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மற்றவர்களில் சிலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். எங்கள் கம்பெனியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒரே ஒருவர்தான்.

"பிலோமினாவக் கூப்பிடு" என்றார் சார்.

அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சீட்டை வாங்கி முதலில் மனதுக்குள் படித்தார். ஒரு முறை படித்து, மேலிருந்து திரும்பவும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படிக்கட்டுமாண்ணா?"

எனக்காக எதையாவது விட்டுவிட்டுப் படிக்க வேண்டுமா என்று கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் தலையை ஆட்டினேன்.

ஒரு சொல்லும் விடாமல் படித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"இது பழைய அளவு புஷ். புதுசும் கலந்து இருக்கிறது. ஒளித்து வைத்தது முனிசாமி. திரும்பி வந்த நான்கும் இதில் இருந்து நான் போட்டது. செட்டிங் பீஸ் இல்லை. அன்று ஸ்டோர் சாவி இல்லாமல் மெஷின் நின்றது. அதை எழுத வெட்கப்பட்டு இதைச் செய்தேன். பிலோமினா மேல் தப்பு இல்லை."

படித்து முடித்துச் சீட்டை சாரிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"கடைசி வரி மட்டும் சரியில்ல சார். கேஜ் போடாதது என் தப்புதான். அத அன்னிக்கே சொல்லிட்டேன்."

அவர் தன் பங்கை அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த மூச்சில்தான் நான் பொய் சொன்னேன். இதை அவர் எனக்கு நினைவுபடுத்தவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அரை மணி நேர டீ

சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இடுப்பிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்தார். போர்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேற யார்கிட்ட இந்த மாதிரி டின் இருக்கு?"

எல்லோரும் அவரவர் மெஷின் பக்கம் பார்த்தார்கள்.

"சரி. நான் டீ குடிக்கப் போறேன். வர அரை மணி நேரம் ஆகும்."

எங்கள் கம்பெனிக்கு எதிரிலேயே டீக்கடை. அரை மணி நேரம் டீ குடிக்கிற மனிதர் இல்லை அவர். அன்று குடித்தார். திரும்பி வந்தபோது மஞ்சள் கட்டத்துக்குள் என் டின்னோடு சேர்த்து எட்டு ஸ்டெப்னிகள் இருந்தன. டின், பக்கெட், ஒரு பழைய ஹெல்மெட், துணிப்பை ஒன்று. மற்ற ஏழிலும் பெயர் எழுதிய சீட்டு இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

பம்பு கம்பெனிக்கு அவரே போன் செய்து, நாங்கள் சொன்ன காரணம் தவறு என்று சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டே பேசியதை நான் பார்த்தேன். நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். ஆர்டர் போகவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம் அவர்கள் ஆள் ஒருவர் எங்களிடம் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அந்த மூன்று மாதமும் சார் என்னிடம் வேலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

உண்டியல் இன்னும் இருக்கிறது. போர்டிலிருந்து போட்டோவை எடுத்துவிட்டார்கள்.

என் போர்டின் கடைசிக் கட்டத்தில் இப்போது நான் தமிழில் எழுதுகிறேன். கத்தி, கரண்ட், கம்பி வரவில்லை என்று. சார் வந்து நின்று, "இது ஏனு முனி, என்ன இது?" என்று விரல் வைத்துக் கேட்பார். படித்துக் காட்டுவேன். நான்கைந்து சொற்களை அவரே இப்போது அடையாளம் கண்டுகொள்கிறார்.

என் பீஸ்கள்

பிலோமினா அன்றே தன் மேஜைக்குத் திரும்பிவிட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றால், மேஜைக்கு முன்னால் போய் நின்றேன், அவ்வளவுதான். அவர் கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போங்கணா, மெஷினு ஓடிக்கினு கீது பாருங்க" என்றார்.

பழையபடி பேசுகிறார். ஊரிலிருந்து மாங்காய் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு துண்டு உப்பும் மிளகாயும் தடவித் தருகிறார். ஆனால் என் ட்ரே வந்தால் மட்டும் அதில் இருக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் கேஜ் போடுகிறார். மற்றவர்கள் ட்ரேயில் பத்துக்கு ஒன்று. அதுதான் இப்போதைய விதி. என் ட்ரேயில் எல்லாமே. கேஜ் துளைக்குள் போய் வருகிற சத்தம் என் மெஷின் வரை கேட்கும். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, ஷைலஜா மேடம் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எங்கள் வேலையை எல்லாம் பார்த்து எழுதினார். அடுத்த வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் அதைச் சொன்னார். மூன்றாவது மெஷினின் பீஸ்களுக்கு மட்டும் எதற்கு இவ்வளவு சோதனை? ஒரு வருடத்துக்கும் மேலாக அதில் ஒரு தப்பும் வரவில்லை. இது வேண்டாத வேலை, லீனுக்கு விரோதம், பத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிடலாம் என்றார்.

மூன்றாவது மெஷின் என்னுடையது.

சார் பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா தரையைப் பார்த்தார். விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்காகத்தான் பேசாமல் நிற்கிறார் என்று தெரிந்தது. காரணத்தைச் சொன்னால் எல்லோருக்கும் முன்னால் மறுபடியும் அந்த டின்னைத் திறக்க வேண்டியிருக்கும்.

நானே சொன்னேன். கூட்டத்தில் நான் வாய் திறந்து சொன்ன இரண்டாவது வாக்கியம் அது.

"இருக்கட்டும் மேடம். என் பீஸுக்கு எல்லாத்துக்கும் போடட்டும்."